புல்லால் பின்னிய பாலமும் ஊராரின் நினைவும்

தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் குஸ்கோ நகருக்குத் தென்கிழக்கே, மலைகளை அறுத்துக்கொண்டு ஓடும் அபூரிமாக் ஆற்றின் குறுக்கே, கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 3,700 மீட்டர் உயரத்தில், பல நூற்றாண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருக்கும் கேஸ்வாசாக்கா என்னும் புற்பாலம் 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அறுந்து ஆற்றில் விழுந்தது. முந்திய ஆண்டில் கொள்ளைநோயின் காரணமாக ஊரார் ஒன்றுகூட இயலாமற் போனதால், ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் புதுப்பிக்கப்படவேண்டிய அந்தப் பாலம் அவ்வாறு புதுப்பிக்கப்படாமலே நின்று, மழையிலும் வெயிலிலும் நைந்து, தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாமல் வீழ்ந்தது. கல்லாலோ மரத்தாலோ ஆன புராதனமான பாலம் ஒன்று இப்படி வீழ்ந்திருந்தால், ஒரு சரித்திரம் அத்துடன் முடிந்ததென்றே உலகம் எழுதியிருக்கும். இங்கோ, அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அதற்குப் பொறுப்பான நான்கு ஊர் ஜனங்களும் கூடி, புல்லை அறுத்து, கயிறு திரித்து, வடம் முறுக்கி, பழைய இடத்திலேயே பாலத்தைப் பழையபடி கட்டி முடித்துவிட்டனர்.

பழைய பாலங்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் கல்லையும் மரத்தையும் இரும்பையுமே மனத்தில் கொள்கிறோம். எந்த ஆண்டில் கட்டியது, யார் கட்டியது, ஆதியில் இட்ட மரத்தில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்ற கணக்கே பாதுகாப்பின் முதற்கணக்காகிவிடுகிறது. ஊராரின் ஞாபகங்களைத் திரட்டி வைக்கும் வழக்கம் இக்காலத்தில் வந்திருக்கிறது என்றாலும், அவை பாலத்தின் சரித்திரத்துக்கு ஓர் அநுபந்தமாகவே கருதப்படுகின்றன. ஒரு வருஷத்துக்குமேல் நம்பமுடியாத புல்லால் ஆகியும், ஐந்து நூற்றாண்டுகளைக் கடந்து வந்திருக்கும் கேஸ்வாசாக்கா இந்த எண்ணத்தை மறுபடியும் சோதித்துப் பார்க்கும்படி செய்கிறது. ஒரு கிராமப் பாலத்தின் நினைவு, அதன் பொருளைக்காட்டிலும், அதைப் பற்றிய கதைகளைக்காட்டிலும், இன்ன குடும்பம் இன்ன வேலையைச் செய்யவேண்டும் என்ற பங்கீட்டில்தான் உறுதியாகத் தங்குகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பாலத்தின் உருவத்தை முதலில் பார்ப்போம். இரு கரைகளிலும் கல்லால் அடுக்கிய மேடைகள். அவற்றுக்கிடையே சுமார் 28 மீட்டர் நீளம். ஒருவர் பின் ஒருவராக நடப்பதற்குப் போதுமான, ஒரு மீட்டருக்குச் சற்று மிகுந்த அகலம். ஆறு பெரிய வடங்களில் நான்கு கீழே நடைதளமாகவும் இரண்டு மேலே கைப்பிடியாகவும் அமைய, இரு புறமும் கைப்பிடிக்கும் தளத்துக்கும் இடையே மெல்லிய கயிறுகள் வலைபோலப் பின்னப்பட்டிருக்கின்றன. ஆணி இல்லை, கம்பி இல்லை, அந்த மலைச்சரிவில் விளையும் புல்லும் தளத்தில் பரப்பும் குச்சிகளுமே மூலப்பொருள்கள். சற்றுத் தொலைவில், கண்ணுக்கு எட்டும் இடத்திலேயே, வண்டிகள் செல்லும் இக்காலப் பாலம் ஒன்றும் இருக்கிறது. ஆகவே, ஆற்றைக் கடப்பதற்கு வேறு வழியில்லாமையால் இந்தப் புற்பாலம் நீடிக்கிறது என்று சொல்வதற்கில்லை.

இத்தகைய பாலங்கள் தோன்றிய காலத்தில் அந்நாட்டை ஆண்டவர் இன்கா மன்னர்கள். சக்கரமும் இரும்பும் அவர்களுடைய நாகரிகத்தில் உபயோகத்துக்கு வரவில்லை. சுமை தூக்கும் மிருகம் என்று இருந்தது லாமா ஒன்றுதான். அப்படியிருந்தும், ஆண்டிஸ் மலைத்தொடரின் நெடுக, ஏறக்குறைய 30,000 கிலோமீட்டர் நீளமுள்ள பாதைகளை அவர்கள் ஒன்றோடொன்று இணைத்து வைத்திருந்தனர். ஆழமான பள்ளத்தாக்குகள் குறுக்கிட்ட இடங்களில் அந்தப் பாதையைத் துண்டுபடாமல் காத்தவை இந்தத் தொங்குபாலங்களே. வண்டி ஓடாத நாட்டில் மனிதனும் லாமாவும் நடக்கும் பாரத்தைத் தாங்கினால் போதுமாதலால், கனமான கற்கட்டுமானத்துக்கு அங்கே அவசியமும் நேரவில்லை. ஸ்பானியர் வந்து நாட்டைக் கைப்பற்றியபின், தங்கள் தேசத்து முறையில் கல்வளைவுப் பாலங்களைக் கட்ட முயன்று, இத்தகைய அகன்ற ஆழமான பள்ளத்தாக்குகளில் அம்முயற்சி பலிக்காமல், தாம் வென்ற ஜனங்கள் பின்னிய புற்பாலங்களின்மேலேயே தம் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் நடத்திச் செல்ல வேண்டியவராயினர்.

இன்கா அரசகுலத்துத் தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் பிறந்த கார்சிலாசோ தெ லா வேகா, 1609-இல் வெளியான தம் சரித்திர நூலில் இப்பாலங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவர் தரும் விவரங்களுள் நமக்கு முக்கியமானது ஒன்று: பாலங்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டன என்றும், அருகிலுள்ள பிரதேசத்து ஜனங்களே வந்து அவ்வேலையைச் செய்தனர் என்றும், யார் எவ்வளவு பொருள் கொண்டுவர வேண்டும் என்பது அவர்களுடைய அருகாமைக்கும் சக்திக்கும் ஏற்பப் பங்கிடப்பட்டிருந்தது என்றும் அவர் சொல்கிறார். நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இன்று கேஸ்வாசாக்காவில் நடக்கும் காரியத்தைப் பார்ப்பவருக்கு, மாறாமல் வந்திருப்பது இந்தப் பங்கீடுதான் என்பது பிரத்தியட்சமாக விளங்கும்.

கேஸ்வாசாக்காவுக்குப் பொறுப்பானவை கேஹுவே வட்டாரத்தைச் சேர்ந்த ஹுயின்சிரி, சௌப்பிபாண்டா, சோக்காய்ஹுவா, கொல்யானா கேஹுவே என்னும் நான்கு கெச்சுவா கிராம சமுதாயங்கள். ஜூன் மாதத்து இரண்டாம் வாரத்தில் வேலை தொடங்குவதற்கு முன்பே வீடுதோறும் அதற்கான தயாரிப்பு நடந்துவிடும். கோயா என்று அவர்கள் வழங்கும் நீண்ட மலைப்புல்லை அறுத்துக் கொணர்ந்து, கல்லால் அடித்து நாரை இளக்கி, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்தி, இரு உள்ளங்கைகளுக்கிடையே வைத்து உருட்டி, தாள் முடியும் இடத்தில் புதுத் தாளைச் செருகி, மெல்லிய கயிறாகத் திரிக்கிறார்கள். காய்ந்த புல் கைக்குள் முறியும். நீர் அதிகமானால் முறுக்கு நிற்காது. இந்தப் பக்குவம் விரலுக்குத் தெரியவேண்டுமேயன்றி வாயால் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. திரிப்பதில் பெண்களின் கை மிகுதி. பாட்டி திரிப்பதைப் பார்த்துப் பேத்தி திரிக்கப் பழகும் இந்த இடமே அந்தப் பாலத்தின் முதற்பள்ளிக்கூடம்.

முதல் நாளில், ஒவ்வொரு குடும்பமும் தன் பங்குக் கயிற்றைக் கொண்டுவந்து பாலத்தடியில் ஒப்படைக்கிறது. மலைகளின் தெய்வங்களுக்கும் பூமித்தாய்க்கும் பூசாரி படையல் இட்டு, பாதுகாப்பை வேண்டிய பிறகே வேலை ஆரம்பமாகும். பின்னர் அந்த மெல்லிய கயிறுகளை வழி நெடுகப் பரப்பி, பலவற்றை ஒன்றாகச் சேர்த்து முறுக்கி நடுத்தரக் கயிறாகவும், அவற்றைப் பின்னலாகப் பின்னித் தேர்வடம்போல் பருமனான வடங்களாகவும் ஆக்குகிறார்கள். ஒரு கோடியில் ஒரு கூட்டமும் மறு கோடியில் மற்றொரு கூட்டமும் நின்று, குரல் கொடுத்து இழுத்து முறுக்கேற்றும் இந்த வேலையில், ஒருவர் கை தளர்ந்தாலும் அது வடத்தின் ஓரிடத்தில் நெகிழ்வாகத் தெரிந்துவிடும்.

இரண்டாம் நாளில் பழைய பாலத்தை அறுத்து ஆற்றிலே விட்டுவிடுகின்றனர். புல்லாதலால் அது அழுகி நீரோடு கலந்துவிடும். புதிய வடங்களைக் கரைக்குக் கரை கொண்டுசென்று, கல்மேடைகளில் சுற்றி, தளர்வு நீங்கும்வரை பலர் சேர்ந்து இழுத்துக் கட்டுகிறார்கள். வடம் இழுக்கும் இந்த ஒரு காரியத்திலேயே பகற்பொழுதின் பெரும்பகுதி கழிந்துவிடும். மூன்றாம் நாளில், பாலப் பின்னலில் தேர்ந்த தலைமைக் கைவினைஞர்கள் கீழ் வடங்களின்மேல் கால்பரப்பி உட்கார்ந்து, கைப்பிடி வடத்தையும் தள வடத்தையும் கயிற்றால் பிணைத்துக்கொண்டே இரு கரைகளிலிருந்தும் புறப்பட்டு, அடியில் ஆறு இரைந்து ஓட, நடுவிடத்தில் வந்து சந்திக்கிறார்கள். தளத்தில் குச்சிகளைக் கோத்த பாயை விரித்ததும் பாலம் முற்றுப்பெறுகிறது. நான்காம் நாள் ஆட்டமும் பாட்டும் விருந்துமாகக் கழிகிறது.

ஊன்றிப் பார்த்தால், இந்த வேலையின் ஒவ்வொரு கட்டமும் ஒரு ஞாபகச் சாசனமாக இருப்பது தெரியும். கயிறு கொண்டுவந்த குடும்பம் இன்னும் அந்த ஊரைச் சேர்ந்தது. கொண்டுவராத குடும்பம் ஏன் கொண்டுவரவில்லை என்று ஊர் கேட்கும். இறந்தவனுடைய பங்கை மகன் ஏற்கும்போது தந்தையின் பெயர் தானாகவே பேச்சில் வரும். வடத்தின் எந்தப் பக்கத்தில் எந்தச் சமுதாயம் நிற்கிறது என்பதில் ஊர்களுக்கிடையே உள்ள உறவும் பழைய போட்டியும் ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. கிழவர் ஒருவரை உட்காரவைத்து, “அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?” என்று கேட்டு எழுதிக்கொள்ளும் ஞாபகம் அவரோடு தேய்ந்துபோகக்கூடும். வேலையோடு பிணைந்த ஞாபகமோ, அடுத்த ஜூன் மாதத்தில் மறுபடியும் தேவைப்படுவதால், மறக்கப்படுவதற்கு அவகாசமே பெறுவதில்லை.

ஆனால் இதை வெறும் கிராமிய ஒற்றுமையின் இன்பச் சித்திரமாகத் தீட்டிவிடுவது சரியன்று. இந்தப் பங்கீட்டுக்கு மூலமாக இருந்தது, குடிகள் முறைவைத்து அரசுக்கு உழைக்கவேண்டும் என்று இன்கா பேரரசு விதித்த கட்டாய ஊழியமே. மீத்தா என்ற அந்த முறையை ஸ்பானியர் தம் வெள்ளிச் சுரங்கங்களுக்குத் திருப்பி, கணக்கற்ற உயிர்களைப் பலிகொண்ட கொடுமையாக மாற்றியதும் சரித்திரத்தில் உள்ளதே. கேஸ்வாசாக்காவின் விசேஷம், கட்டளையிட்ட அரசுகள் இரண்டும் மறைந்த பிறகும், கட்டளை மட்டும் ஊராரின் சொந்த வழக்கமாக உருமாறி நின்றதில் இருக்கிறது. மேலிருந்து வந்த கடமையைத் தங்களுடையதாக ஏற்று, அதற்குத் தங்கள் தெய்வங்களைச் சாட்சியாக வைத்த ஜனங்கள், அதைக் கைவிட உரிமை பெற்றிருந்த காலத்திலும் கைவிடவில்லை. நம் நாட்டில் ஊரார் கூடி ஏரி, கால்வாய்களைச் செப்பனிட்ட குடிமராமத்தின் வரலாற்றை அறிந்தவர்கள், கட்டாயமும் மனமுவந்த உழைப்பும் எவ்வளவு நெருங்கிக் கலந்திருக்கக்கூடும் என்பதை எளிதில் உணர்வார்கள்.

பங்கீடு அறுந்த இடத்தில் என்ன நேர்ந்தது என்பதற்கு அதே அபூரிமாக் ஆறே சாட்சி. குஸ்கோவிலிருந்து மேற்கே செல்லும் பெருவழியில், குராவாசி ஊரின் அருகே, கேஸ்வாசாக்காவைவிட மிகப் பெரிய தொங்குபாலம் ஒன்று இருந்தது. 1860-களில் அதைக் கடந்த அமெரிக்கப் பிரயாணி ஈ. ஜி. ஸ்குவையர், 1877-இல் வெளியிட்ட தம் நூலில், அது 148 அடி நீளமும் ஆற்றுமட்டத்திலிருந்து 118 அடி உயரமும் உள்ளதாக அளந்து குறித்திருக்கிறார். பிற்காலத்தில் தோர்ன்டன் வைல்டர் எழுதி 1928-இல் புலிட்சர் பரிசு பெற்ற நாவலில் அறுந்து விழும் பாலத்துக்கு இந்த அபூரிமாக் பாலமே கருவானது என்பர். இவ்வளவு புகழிருந்தும், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப்பின் அந்தப் பாலம் இல்லை. புகழ் ஒரு பாலத்துக்குப் புல் அறுத்துத் தராது. நாவலும் சித்திரமும் அதை உலகத்தின் ஞாபகத்தில் வைத்தன. ஆண்டுதோறும் வடம் இழுக்கக் கடமைப்பட்ட கைகள் இல்லாதபோது ஆற்றின்மேல் வைக்க எதனாலும் முடியவில்லை.

முற்றிலும் வேறான ஓர் உதாரணத்தையும் இதனோடு ஒப்பிடலாம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து நார்த் பிளென்ஹைம் என்னும் சிற்றூரில், ஸ்கோஹாரி ஓடையின் மேல், வெர்மான்ட்டைச் சேர்ந்த நிக்கோலஸ் பவர்ஸ் என்னும் தச்சர் 1855-இல் கூரையிட்ட மரப்பாலம் ஒன்றைக் கட்டினார். மழை இறங்கி மரச்சட்டங்கள் உளுக்காமல் காப்பதற்காகவே அத்தகைய பாலங்களுக்குக் கூரையும் பக்கப்பலகையும் இடுவது வழக்கம். நடுவே தூண் எதுவும் இல்லாமல் 210 அடி தாண்டிய அந்தப் பாலம், தன் இனத்தில் உலகிலேயே மிக நீண்டவற்றுள் ஒன்று. முட்டுகளை எடுக்கும் நாளில், பாலம் நிற்காது என்று பலரும் சொல்ல, பவர்ஸ் அதன் கூரையின்மேல் ஏறி உட்கார்ந்து, இது விழுந்தால் நானும் இதனோடு போகிறேன் என்ற பாவனையில் இருந்ததாக ஊரார் ஒரு கதை சொல்வதுண்டு.

1930-களின் தொடக்கத்தில் அருகிலேயே இரும்புப் பாலம் வந்தபின், வண்டிப்போக்கு அதற்கு மாறியது. மரப்பாலத்தை இடித்துவிடாமல் ஊரார் ஒரு புராதனச் சின்னமாக நிறுத்திக்கொண்டனர். 1964-இல் தேசியச் சரித்திரச் சின்னம் என்ற அந்தஸ்தும் அதற்குக் கிடைத்தது. 2011-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் தேதி, ஐரீன் புயலின் பெருவெள்ளம் அதை அடியோடு பெயர்த்துக்கொண்டு போயிற்று. ஊரார் மனம் தளராமல் போராடி, அரசின் நிவாரண நிதியைப் பெற்று, பழைய உருவத்திலேயே புதிய பாலம் ஒன்றை 2018-இல் எழுப்பினர். இது சிறிய சாதனையன்று. பாலத்தின்மேல் அவர்களுக்கு இருந்த பற்று உண்மையானது என்பதற்கு அந்த ஏழாண்டுப் போராட்டமே போதிய அத்தாட்சி.

எனினும், இரண்டு மீட்புகளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். புற்பாலம் அறுந்த மூன்று மாதத்தில், அதைக் கட்டத் தெரிந்தவர்கள் அதே ஊரில் இருந்தார்கள். பொருள் மலைச்சரிவில் விளைந்துகொண்டிருந்தது. யார் எதைக் கொண்டுவர வேண்டும் என்று தனியாகத் திட்டம் போடும் தேவை நேரவில்லை. மரப்பாலம் போனபோது ஊராரிடம் ஒளிப்படங்களும் கதைகளும் பற்றும் இருந்தன. கட்டுவதற்கு நிதியும் பொறியியல் நிபுணரும் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது. எண்பது ஆண்டுகளாக அந்தப் பாலத்தைப் பார்ப்பதும் அதன்மேல் உலாவுவதுமே பெரும்பாலும் ஊராரின் பங்காக இருந்தன. பார்த்த ஞாபகம் பாலத்தை விரும்பச் செய்யும்; செய்த ஞாபகமே பாலத்தைக் கட்டும்.

பாதுகாப்புத் துறையின் கொள்கைகளும் மெல்ல இந்த உண்மையை நோக்கியே நகர்ந்திருக்கின்றன. 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், புராதனக் கட்டடங்களின் மூலப்பொருளுக்கு மதிப்பளித்து, ஊகத்தால் புதுக்கிக் கட்டுவதை மறுத்தது. மரக்கட்டடங்களைக் காலந்தோறும் பிரித்துக் கட்டும் வழக்கமுள்ள ஜப்பானில் 1994-இல் உருவான நாரா அறிக்கை, உண்மைத்தன்மை என்பதை அந்தந்தப் பண்பாட்டின் அளவுகோலாலேயே அளக்கவேண்டும் என்றது. 2003-இல் யுனெஸ்கோ, கையால் தொடமுடியாத மரபுச் செல்வங்களுக்கென்று தனி உடன்படிக்கையே செய்தது. அந்த உடன்படிக்கையின் பட்டியலில் 2013-இல் சேர்க்கப்பட்டது, கேஸ்வாசாக்காவை ஆண்டுதோறும் புதுப்பிப்பதோடு சேர்ந்த அறிவும் திறமையும் சடங்குகளும் என்பது கவனிக்கத்தக்கது.

அங்கீகாரத்தால் ஆபத்தும் உண்டு. வேடிக்கை பார்ப்போர் கூட்டம் பெருகினால், ஊரார் தங்களுக்காகச் செய்த காரியம் பிறர் பார்ப்பதற்காகச் செய்யும் காரியமாக மாறக்கூடும். கூலி என்ற ஒன்று நடுவே புகுந்தால், பங்கு கொடுப்பது என்ற எண்ணம் வேலைக்குப் போவது என்ற எண்ணமாகிவிடும். வேலை நடக்கும்போது பெண்கள் பாலத்தை நெருங்கலாகாது என்ற பழைய கட்டுப்பாட்டைக் கயிறு திரிக்கும் அந்தப் பெண்களின் பேத்திகள் அப்படியே ஏற்பார்களா என்பதும் ஒரு நியாயமான கேள்வி. பிழைப்புக்காக நகரம் செல்லும் வாலிபர்கள் ஜூன் மாதத்தில் திரும்பி வந்தாலன்றி வடம் இழுக்க ஆள் போதாது. 2015-இல் அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் நடந்த நாட்டார் கலைவிழாவுக்கு இவ்வூர்க் கைவினைஞர்கள் சென்று, பல்லாயிரம் பேர் பார்க்க ஒரு புற்பாலம் பின்னிக் காட்டினர். திறமை கடல் கடந்து செல்லும் என்பதை அது நிரூபித்தது. ஆனால் ஆறில்லாத புல்வெளியில், அடுத்த ஆண்டு மீண்டும் கட்டும் பொறுப்பு எவருக்கும் இல்லாமல் பின்னிய பாலம் காட்சிப் பொருளாகவே முடிந்தது.

இவற்றிலிருந்து பெறத்தக்க படிப்பினை, எல்லாப் பாலங்களையும் புல்லால் கட்டவேண்டும் என்பதல்ல. கற்பாலத்திலும் இடுக்கில் முளைக்கும் செடியைக் களையவேண்டும். நீர்வடியும் துளைகளைத் திறந்துவைக்கவேண்டும். உதிர்ந்த சுண்ணாம்புக் காரையைப் பூசவேண்டும். மரப்பாலத்தில் கூரைப்பலகையை மாற்றவேண்டும். ஆண்டுக்கொருமுறை செய்யத்தக்க இத்தகைய எளிய வேலைகளை எல்லாம் ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, ஊராரிடம் கதை மட்டும் கேட்டுவாங்கும் முறை பாலத்தையும் கதையையும் தனித்தனியே பலவீனப்படுத்துகிறது. ஞாபகங்களைத் திரட்ட முனையும் ஆய்வாளர்களும், வெள்ளம் வந்த ஆண்டையும் திருவிழாவையும் கேட்பதோடு நில்லாமல், இந்தப் பாலத்தில் யாருக்கு என்ன வேலை இருந்தது, அது எப்போது யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று, எந்த ஆண்டில் நின்றது என்று கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். வேலை நின்ற ஆண்டே அந்த ஊரில் மறதி தொடங்கிய ஆண்டாகப் பெரும்பாலும் இருக்கும்.

ஆகவே, பழைய பாலம் ஒன்றைக் காக்க முன்வரும் அரசும் அறநிலையங்களும் ஆர்வலர்களும், சின்னம் என்ற பலகையை நாட்டுவதற்கு முன், அந்த ஊர்க் குடும்பங்களுக்கு அதில் ஆண்டுதோறும் செய்யத்தக்க ஒரு பங்கு வேலையையும், அதைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமையையும் உறுதியாக ஒதுக்கவேண்டும். அவ்வாறு ஒதுக்கப்படாத பாலம் எவ்வளவு சிறப்பாகச் செப்பனிடப்பட்டாலும், அதைக் காக்கப்பட்ட பாலம் என்று சொல்வதற்கில்லை.